வெள்ளி நகையின் பின்புறம் சொல்வது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய வெள்ளி நகைகளைப் பற்றி ரங்கூன், பெகு, மோல்மேன், மாண்டலே, தௌஞ்சி முதலிய பர்மிய ஊர்களிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உலோகம் எவ்வளவு தூய்மையானது, அதாவது அதன் மாற்று என்ன என்பது ஒரு கேள்வி. வேலை கையால் செய்யப்பட்டதா என்பது வேறொரு கேள்வி. மாற்றுக் குறைந்த வெள்ளியில் அருமையான கைவேலை உண்டு. மாற்று உயர்ந்த வெள்ளியில் உயிரில்லாத அச்சு வேலையும் உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், வைத்துக் காப்பாற்ற வேண்டிய நகைகள் பல வீடுகளிலிருந்து நேராக உலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

என் அப்பத்தா விட்டுச்சென்ற ஒரு சோடித் தண்டையும் ஒரு சோடிக் கொலுசும் எங்களிடம் உள்ளன. அவற்றில் எந்த முத்திரையும் இல்லை. முத்திரை இல்லாததால் நல்ல வெள்ளியாக இருக்காது, உருக்கிப் புதுக் கொலுசு செய்துகொள்ளுங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, பெகு

அம்மா, தயவுசெய்து உருக்க வேண்டாம். உங்கள் அப்பத்தா காலத்தில் தமிழ்நாட்டிலும் சரி, பர்மாவிலும் சரி, பத்தர் செய்து கொடுத்த வெள்ளி நகையில் தூய்மை முத்திரை குத்தும் வழக்கமே இல்லை. செய்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். வெள்ளியைக் கொடுப்பவரும் பெரும்பாலும் நகை கேட்டவரே. முத்திரை இல்லை என்பது அந்தக் காலத்து நகைக்கு இயல்பான தன்மையே தவிர, குறை அன்று.

அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பெரும்பாலோர் கையிலிருந்த ரூபாய்க் காசுகளையே பத்தரிடம் எண்ணிக் கொடுத்து நகை செய்துகொண்டார்கள். 1835 முதல் 1939 வரை அச்சான ஆங்கிலேயர் காலத்து ரூபாய் 11.66 கிராம் எடையுள்ளது; அதில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி, மீதி செம்பு. அதாவது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 917. அதை உருக்கித் தகடாக்கி, பொடி என்னும் ஒட்டுக் கலவையை வைத்துச் சூட்டில் பற்றும்போது (ஒட்டும்போது) மாற்று இன்னும் சற்று இறங்கும். ஆகவே ரூபாயில் செய்த பழைய கைவேலை நகையைச் சோதித்தால் 925 என்ற எண் வராமல், 917க்குக் கீழே வருவதே இயல்பு. 925 வரவில்லை என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்குவது அறியாமை.

இனித் தண்டையைக் கையில் எடுங்கள். நன்றாகச் செய்த பழைய தண்டை உள்ளே குழலாக இருக்கும். தகட்டை நீளமாக வெட்டி, கம்பியின்மேல் சுற்றிக் குழலாக வளைத்து, அதன் விளிம்புகள் சேரும் கோடு கணுக்காலைத் தொடும் உட்புறத்தில் வருமாறு பற்றியிருப்பார்கள். வெளியில் தெரியாத அந்தக் கோட்டை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் சமமாகவும் இருக்கும். பற்றிய பொடி வழிந்து நின்ற இடம் கொஞ்சம் மஞ்சள் கலந்த நிறத்தில் தெரியும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே போட்ட பரல்கள் ஒலிக்கும். ஒலியே இல்லாமல் கனமாக இருந்தால் உள்ளே அரக்கு நிறைத்திருக்கலாம். அதுவும் பழைய முறைதான், ஆனால் எடைக்கு விலை பேசும்போது அரக்குக்கும் சேர்த்துப் பணம் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

கொலுசில் பார்க்க வேண்டியது வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் இடம். பல ஆண்டுகள் காலில் கிடந்த கொலுசில் ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையத்தைத் தொடும் இடத்தில் மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கும். மற்ற இடங்களில் பழைய தடிமனே இருக்கும். இந்தத் தேய்மானத்தைச் செயற்கையாக உண்டாக்குவது மிகவும் கடினம். மேற்புறத்தைக் கறுப்பாக்கிப் பழசுபோலக் காட்டுகிறவர்கள்கூட இந்த இடத்தில் கைவைப்பதில்லை. உங்கள் கொலுசில் இது இருந்தால் அது உங்கள் அப்பத்தாவின் காலில் நடந்த கொலுசு என்பதில் ஐயமில்லை. எடையை எழுதி, இருபுறமும் படமெடுத்து, யார் எங்கே அணிந்தார்கள் என்ற குறிப்போடு பத்திரப்படுத்துங்கள். 1942இல் காடு மலை கடந்து நடந்து போனவர்களும் 1964க்குப் பின் கப்பலேறியவர்களும் தம் நகைகளில் எவ்வளவோ இழந்துபோனார்கள். இங்கே மிச்சமிருப்பவை குறைவு.

நகையில் 925 என்று எழுதியிருந்தால் நம்பி வாங்கலாமா?
– வாசகர், கம்பை, ரங்கூன்

925 என்பது ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்று செய்தவர் தரும் வாக்கு, அவ்வளவுதான். அந்த எண்ணைக் குத்தும் அச்சாணி யாருக்கும் கிடைக்கும். இங்கிலாந்தில் உள்ள, நடந்து செல்லும் சிங்கத்தின் உருவம் கொண்ட முத்திரை சோதனைச்சாலை இடும் முத்திரை. அங்கே சோதித்த பிறகே குத்துவார்கள். இந்தியாவில் அரசின் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். முத்திரை வெள்ளிக்கும் உண்டு, ஆனால் தங்கத்துக்குப் போலக் கட்டாயமில்லை. சோதனைச்சாலை இட்ட முத்திரைக்கும் கடைக்காரர் தாமே குத்திக்கொண்ட எண்ணுக்கும் உள்ள வேறுபாடு பெரியது.

எண் எந்த இடத்தில் குத்தியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சங்கிலியின் கொக்கியில் மட்டும் 925 இருந்து, உடம்பில் எங்கும் இல்லையானால், கொக்கி மட்டும் வெள்ளியாக இருக்கக்கூடும். நூறாண்டுப் பழைய நகை என்று சொல்லி விற்கும் ஒரு பொருளில் 925 என்ற எண் கூர்மையாகவும் புதிதாகவும் இருந்தால், ஒன்று எண் பிற்காலத்தில் குத்தப்பட்டது, அல்லது நகையே பிற்காலத்தது.

கைவேலை என்று சொல்லிக் கூலி கூடுதலாகக் கேட்கிறார்கள். கையால் செய்ததையும் அச்சில் அடித்ததையும் வார்த்ததையும் எப்படிப் பிரித்தறிவது?
– வாசகி, மாண்டலே

நீங்கள் இருக்கும் ஊருக்கு அருகிலேயே இதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. சகாயிங் பக்கத்திலுள்ள யுவாதாங் கிராமம் தலைமுறை தலைமுறையாக வெள்ளி வேலைக்குப் பேர்பெற்றது. ஒருமுறை போய், ஒரு கிண்ணம் உருவாவதைப் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். இந்தக் கேள்விக்கு நான் எழுதும் பதிலைவிட அது நன்றாக விளங்கவைக்கும்.

வட்டமான வெள்ளித் தகட்டை அடித்து அடித்துக் குழிவாக்குவார்கள். அடிக்க அடிக்க வெள்ளி இறுகிப்போகும். அப்போது தீயில் காட்டிச் சிவக்கவைத்து மீண்டும் இளக்குவார்கள். வடிவம் வந்தபின் உட்புறத்திலிருந்து மழுங்கிய உளிகளால் தட்டி, உருவங்கள் வரவேண்டிய இடங்களை வெளியே புடைக்கச் செய்வார்கள். பிறகு உள்ளே பிசின் கலவையை உருக்கி ஊற்றி நிறைத்து, அது கெட்டியானதும் வெளிப்புறத்திலிருந்து கூர்மையான சிறு உளிகளால் கண், மூக்கு, ஆடை மடிப்பு, இலை நரம்பு எல்லாவற்றையும் தட்டித் தட்டி எடுப்பார்கள். இந்த வேலையில் வெள்ளி வெட்டி எறியப்படுவதில்லை, தள்ளப்படுகிறது. புத்தரின் முற்பிறவிக் கதைகளோடு இராமன் கதையும் பர்மியக் கிண்ணங்களில் இடம்பெற்றிருப்பதை நம்மவர்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரங்கூனில் வாழ்ந்த மாங் ஷ்வே யோன் இவ்வேலையில் புகழ்பெற்று விளங்கினார். நம் பத்தர்கள் தகட்டை அரக்குப் பலகையில் பதித்து வேலை செய்வதும் இதே முறைதான். கோயில் கவசங்கள் எல்லாம் அப்படி வந்தவையே.

இந்த வேலை நடந்ததற்கான சான்று பின்புறத்தில்தான் இருக்கும். முன்புறத்தை யாரும் மெருகேற்றலாம். பின்புறத்தை யாரும் திருத்துவதில்லை. நகையைத் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். முன்னால் மேடாக உள்ள இடம் பின்னால் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தின் தரை முழுவதும் உளி பட்ட சிறுசிறு தடங்கள் தெரியும். முன்புறத்தில் ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு அதன் போக்கிலேயே கண்ணாடியை நகர்த்துங்கள். உளியை ஒரு தட்டுக்கு ஒரு மயிரிழை நகர்த்தி இழுத்த கோடாகையால், நுண்ணிய படிகள் வரிசையாகத் தெரியும். வளைவு வரும் இடத்தில் படிகள் நெருங்கும், நேராக ஓடும் இடத்தில் விலகும். ஒரே கொடியில் உள்ள இரண்டு இலைகளை ஒப்பிட்டால் இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகளாகத் தெரியுமே தவிர, அச்சாக ஒன்றாக இரா.

டை அச்சில் அடித்ததிலும் பின்புறம் பள்ளமாகத்தான் இருக்கும். அதனால் பலர் ஏமாறுகிறார்கள். ஆனால் அங்கே தகடு மெல்லியதாகவும் பள்ளம் வழவழப்பாகவும் இருக்கும், உளித் தடம் இராது. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சில் ஒரு சிறு குறை இருந்தால் அந்தக் குறை எல்லா இலைகளிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். கையால் செய்தவர் ஒரே பிழையை ஒரே இடத்தில் இருபது முறை செய்ய முடியாது.

வார்ப்பில் கோடுகளின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். ஆழமான மூலைகளில் ஊசி முனை அளவுள்ள துளைகளோ மணல் போன்ற சொரசொரப்போ தெரியும். இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த கோட்டை அரத்தால் ராவி மறைத்த தடமும் ஓரங்களில் இருக்கலாம். வார்ப்பு என்றாலே மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய காப்புகளின் யாளித் தலைகளையும் சில சதங்கை மணிகளையும் மெழுகு அச்சில் வார்த்து, பிறகு கையால் செதுக்கினார்கள். வார்த்த தலையைக் கையால் அடித்த குழலோடு பற்றிய நகை முழுமையான கைவேலைதான். வார்த்ததை அப்படியே எடுத்து மெருகிட்டு, அடித்துச் செய்தது என்று கூலி கேட்பதுதான் தவறு.

வெள்ளி மெட்டி போட்டால் விரல் அரிக்கிறது. போலியா?
– வாசகி, தட்டோன்

விரல் கறுப்பதும் அரிப்பதும் வேறு வேறு. வேர்வையாலும் பூசும் பொருள்களாலும் நல்ல வெள்ளியும் தோலில் கறுப்பை விடும். தோல் சிவந்து அரித்துத் தடித்தால் நிக்கல் கலந்திருக்கக்கூடும் என்று ஐயப்படுங்கள். ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது. அதில் வெள்ளி அறவே கிடையாது. மெட்டியைக் கழற்றிவிட்டுச் சோதிக்கக் கொடுங்கள். புண் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைக்குப் போகாமல் வீட்டிலேயே சோதிக்க நம்பகமான வழி உண்டா? காந்தம், பனிக்கட்டி என்று பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள்.
– வாசகர், மோல்மேன்

காந்தம் ஒட்டினால் அது வெள்ளி அன்று என்று சொல்லலாம். ஒட்டாவிட்டால் வெள்ளி என்று சொல்ல முடியாது. செம்பும் பித்தளையும் அலுமினியமும் ஜெர்மன் சில்வரும் ஒட்டுவதில்லை. திருகுக்குள்ளும் கொக்கிக்குள்ளும் இரும்புச் சுருள் இருந்தால் அந்த இடம் மட்டும் இழுக்கும். அதற்காக முழு நகையையும் ஒதுக்க வேண்டாம். வெள்ளி எல்லா உலோகங்களையும்விட நன்றாக வெப்பத்தைக் கடத்துவது. அதனால் அதன்மேல் வைத்த பனிக்கட்டி விரைவாக உருகும். ஆனால் செம்பும் அதற்கு அடுத்தபடியாகவே நிற்பதால், வெள்ளி முலாம் பூசிய செம்பையும் நல்ல வெள்ளியையும் இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது.

நான் பரிந்துரைப்பது தண்ணீர் எடைச் சோதனையை. பழைய நகைக்கு இதனால் ஒரு கீறலும் விழாது. கிராமின் பத்தில் ஒரு பங்காவது காட்டும் மின்தராசு ஒன்று போதும். முதலில் நகையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்துத் தராசின்மேல் வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்குமாறும், ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதவாறும் கையில் தொங்கவிட்டுப் பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் எண் நகை விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 52 கிராம் காப்பு ஒன்று தண்ணீரில் 5 கிராம் காட்டினால் அடர்த்தி 10.4. தூய வெள்ளியின் அடர்த்தி 10.49; 925 வெள்ளிக்கு ஏறத்தாழ 10.36, 800 வெள்ளிக்கு 10.1 சுமார், பாதி வெள்ளி பாதி செம்பானால் 9.7க்குச் சற்றுக் கீழே. அதே 52 கிராம் காப்பு 6 கிராம் காட்டினால் அடர்த்தி 8.7 மட்டுமே, அது ஜெர்மன் சில்வராகவோ பித்தளையாகவோ இருக்க வேண்டும். இலேசான நகைகளில் தராசின் சிறு பிழையே கணக்கைப் புரட்டிவிடும் என்பதால் 20 கிராமுக்குக் கீழே உள்ளவற்றுக்கு இந்த முறையை நம்ப வேண்டாம்.

இச்சோதனை தோற்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். அரக்கு நிறைத்த நகை, காற்று அடைபட்ட குழல் தண்டை, கல் பதித்தவை ஆகியவற்றில் அடர்த்தி தவறாகக் குறைந்து காட்டும். நல்ல வெள்ளியைப் போலி என்று முடிவு கட்டிவிடுவீர்கள். நகைக்குள் ஈயம் நிறைத்திருந்தால் நேர்மாறாக நடக்கும். ஈயத்தின் அடர்த்தி 11.34 என்பதால் மட்டமான உலோகமும் வெள்ளிபோல எடை காட்டும். ஆகவே முழுக் கட்டியான காப்பு, அரைஞாண், கனத்த சங்கிலி இவற்றுக்கே இது பொருந்தும்.

நைட்ரிக் அமிலச் சொட்டுச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். ஜெர்மன் சில்வரில் பச்சை நுரை பொங்கும் என்பது உண்மைதான். ஆனால் அமிலம் தோலைச் சுடும், அதன் புகை நுரையீரலுக்குக் கேடு, பழைய நகையில் விழுந்த தழும்பு போகாது. அனுபவமுள்ள பத்தர் உரைகல்லில் மெல்ல இழைத்து, கல்லின்மேல் உள்ள கோட்டில்தான் அமிலத்தைச் சொட்டுவார். நகையின்மேல் சொட்ட மாட்டார். உங்கள் கண்முன் நகையின்மேலேயே அமிலம் ஊற்றப் போகிறவரிடமிருந்து நகையை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்லே ஏரிப் பக்கம் விற்கும் வெள்ளி மீன், மலைவாழ் மக்களின் பழைய நகை என்று சொல்லி விற்பவை எல்லாம் உண்மையானவையா?
– வாசகி, தௌஞ்சி

இன்லேயின் யுவாமா கிராமத்தில் செய்யும் அசையும் மீன் உண்மையான கைவேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. உடலைத் துண்டு துண்டாகச் செய்து, உள்ளுக்குள் ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். கையில் பிடித்து ஆட்டினால் உயிருள்ள மீன்போல வளையும். வாங்கும்போது வாலைப் பிடித்து மெதுவாக இருபுறமும் வளைத்துப் பாருங்கள். கவனமாகச் செய்ததில் எல்லாத் துண்டுகளும் சேர்ந்து வளையும். அவசரத்தில் செய்ததில் ஒரு மூட்டு மட்டும் மடங்கி மற்றவை அசையாமல் நிற்கும். செதில்களைத் தனித்தனியாகத் தட்டியிருக்கிறார்களா, அச்சில் அடித்திருக்கிறார்களா என்பதை முன் சொன்னபடி பார்த்துக்கொள்ளலாம்.

பட்டறைகளில் தாதுக் கல்லைக் காட்டி, இதிலிருந்து எடுத்த வெள்ளி என்று விளக்குவார்கள். ஷான் மாநில மண்ணுக்கும் வெள்ளிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. வடக்கே பாட்வின் சுரங்கத்தில் 15ஆம் நூற்றாண்டிலேயே சீனர்கள் வெள்ளி தோண்டினார்கள், பிறகு ஆங்கிலேயர் காலத்தில் நம்துவில் பெரிய உருக்காலை எழுந்தது. ஆனாலும் தாதுக் கல்லைக் கண்டதனால் கையிலிருக்கும் நகையின் மாற்று உயர்ந்துவிடாது. நகையைத்தான் சோதிக்க வேண்டும்.

பலவுங் பெண்களின் இடுப்பு வளையங்கள், கச்சின் பெண்களின் சட்டையில் தைத்த வெள்ளி வட்டுகள் போன்றவற்றில் இன்று அலுமினியமும் வேறு வெள்ளை உலோகங்களும் நிறையப் புழங்குகின்றன. அணிபவர்கள் யாரையும் ஏமாற்ற அப்படிச் செய்யவில்லை. வெள்ளி வாங்கக் கட்டுப்படியாகாததால், விழாவுக்கு உரிய கோலத்தைக் கைவிடாமல் காத்துக்கொள்கிறார்கள். அதை வாங்கிவந்து பழைய வெள்ளி என்று நகரத்தில் விற்பவர்தான் குற்றவாளி. அலுமினியத்தைக் கையில் எடுத்தவுடனேயே தெரிந்துவிடும். அதன் அடர்த்தி 2.7 மட்டுமே. மற்ற உலோகங்களில் உரசும் இடங்களைப் பாருங்கள். மேற்பூச்சு தேய்ந்த இடத்தில் சிவப்போ மஞ்சளோ எட்டிப் பார்த்தால் அடியில் செம்போ பித்தளையோ இருக்கிறது. கறுப்பு, மேடு பள்ளம் என்ற வேறுபாடில்லாமல் எங்கும் ஒரே சீராக இருந்தால் கந்தகக் கரைசலில் முக்கி எடுத்திருக்கிறார்கள். இயல்பாக வந்த கறுப்பு பள்ளங்களில் தங்கும். கைபடும் மேடுகள் வெளுத்தே இருக்கும்.

கறுத்துப்போன பழைய நகையைப் பளபளவென்று ஆக்குவது எப்படி?
– வாசகர், டாவாய்

முழுவதும் பளபளவென்று ஆக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து உண்டாவது அந்தக் கறுப்பு. பள்ளங்களில் அது தங்கினால்தான் வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும், நகையின் வயதும் தெரியும். பூந்திக் கொட்டையை ஊறவைத்த இளஞ்சூட்டு நீரில் மென்மையான தூரிகையால் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்தினால் போதும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு வெந்நீரில் முக்கும் முறை கறுப்பை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடும். ஆனால் பள்ளத்துக் கறுப்பும் சேர்ந்து போய்விடும், சூட்டில் அரக்கு இளகும், குழலுக்குள் நீர் புகுந்து வெளியே வராது. பற்பசையிலுள்ள பொடி வெள்ளியை அராவும். ரப்பர் வளையம் போட்டு நகையைக் கட்டி வைக்காதீர்கள். ரப்பரிலுள்ள கந்தகம் கறுப்புப் பட்டையாகப் படிந்துவிடும்.

எங்கள் வீட்டில் வெள்ளி ரூபாய்க் காசுமாலை ஒன்று இருக்கிறது. நடுவில் மயில் பொறித்த காசும் உண்டு. காசுகள் அசலா என்று எப்படி அறிவது?
– வாசகி, பாசுண்டௌங், ரங்கூன்

மயில் பொறித்தது மிண்டோன் மன்னர் மாண்டலே தங்கசாலையில் அடித்த காசாக இருக்க வேண்டும். அதில் 1214 என்ற பர்மிய ஆண்டு (கி.பி. 1852–53) இருக்கும். ஆனால் அந்த ஆண்டில் அடித்ததன்று, தங்கசாலை தொடங்கியது 1865இல்தான். எடையும் மாற்றும் இந்திய ரூபாய்க்கு இணையாகவே வைத்தார்கள். அதற்கு முன் பர்மாவில் வெள்ளியைத் துண்டு துண்டாக எடை போட்டே கொடுத்து வாங்கினார்கள்; மாற்றுப் பார்த்துச் சொல்வதற்கென்றே தொழிலாளர்கள் சந்தைகளில் இருந்தார்கள்.

ரூபாய்க் காசில் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1939 வரை 917. 1940 முதல் 1945 வரை அடித்தவற்றில் பாதிதான் வெள்ளி. இரண்டு வகையும் அரசாங்கக் காசுகளே, ஆனால் உலோக மதிப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி. பிறகு எடை. வளையம் பற்றாத ஒரு தனிக் காசு 11.66 கிராமிலிருந்து தேய்மானத்துக்கு ஏற்பக் குறைந்திருக்கலாமே தவிர, கூடியிருக்கக் கூடாது. விளிம்பின் பல் வரிசை சீராக இருக்க வேண்டும். 1939 வரையிலான காசில் விளிம்பு நடுவே மெல்லிய கோடு சுற்றி ஓடினால் அது வார்த்தெடுத்த போலியாக இருக்கலாம். வளையம் பற்றிய காசுக்குச் சேகரிப்பாளரிடம் விலை குறையும் என்பதற்காக வளையத்தை வெட்டி எடுக்க வேண்டாம். அது காசாக இருந்ததைவிட மாலையாக இருந்த காலம் நீண்டது. மாலையாகவே அதற்கு மதிப்பு.

கோயிலில் அம்மனுக்கு வெள்ளிக் கவசம் சாத்த, அடியார்கள் காணிக்கையாகத் தந்த கொலுசு, மெட்டி, விளக்கு முதலியவற்றைச் சேர்த்தோம். எக்ஸ்ரே கருவியில் பல பொருள்கள் நூற்றுக்கு 90க்கு மேல் காட்டின. உருக்கிய பிறகு 70 அளவில் நின்றுவிட்டது. பத்தரைச் சந்தேகிக்கிறார்கள். அவர் நல்லவர். இப்படி நடக்குமா?
– கோயில் குழு உறுப்பினர், ரங்கூன்

ஐயா, நடக்கும், பத்தர் ஒரு குன்றிமணி எடுக்காமலேயே நடக்கும். செம்பு மிகுதியாகக் கலந்த வெள்ளியைத் தீயில் காட்டினால் மேற்பரப்பிலுள்ள செம்பு கறுத்துப்போகும். அதைப் படிகார நீரிலோ புளிக் கரைசலிலோ கொதிக்கவைத்தால் அந்தச் செம்பு கரைந்து போய், மேலே வெள்ளி மட்டும் மிஞ்சும். இதை இரண்டு மூன்று முறை செய்தால் மட்டமான கலப்பும் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். இது பத்தர்களின் பழைய முறை. நகையை வெளுக்கவைக்க எல்லாரும் செய்வதுதான். எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும். வெளுத்த தோலையோ முலாமையோ பார்த்து 90 என்று சொல்லிவிடும். இதோடு கொலுசுகளின் ஒவ்வொரு மூட்டிலும் உள்ள பொடியில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. விளக்கின் அடியில் அரக்கும் மணலும் இருக்கின்றன. எல்லாம் உருகும்போது மாற்றும் இறங்கும், எடையும் இறங்கும்.

இனி வரும் காணிக்கைகளை வாங்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் அரத்தால் ஆழமாக ஒரு கீற்று ராவி, அந்தக் கீற்றின்மேல் கருவியை வைக்கச் சொல்லுங்கள். பெரிய தொகையாக உருக்கும்போது, உருகிய வெள்ளியை நன்றாகக் கலக்கி, ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு எடுத்துத் தனியே உறையவைத்து, அதைச் சோதனைக்கு அனுப்புங்கள். குழுவில் இருவர் உடனிருந்து, உருக்குமுன் எடை, உருக்கியபின் எடை, கசடு எடை மூன்றையும் கோயில் ஏட்டில் எழுதிக் கையெழுத்திடட்டும். அப்போது பத்தர்மேல் பழி விழாது.

இப்போது கையிலுள்ள 70 மாற்றுக் கட்டியில் நேராகக் கவசம் அடிக்க முயல வேண்டாம். செம்பு இவ்வளவு மிகுந்தால் தகடு விரைவில் இறுகும். அம்மனின் முகம்போல ஆழமாகப் புடைக்க வேண்டிய இடத்தில் கிழியும். புடம் போட்டுச் சுத்தம் செய்தோ, தூய வெள்ளி சேர்த்தோ மாற்றை 90க்கு மேல் உயர்த்திக்கொண்டு தகடடிக்கச் சொல்லுங்கள். ஈயத்தால் ஒட்டுப்போட்ட பழைய கொலுசுகளைக் கண்டால் அந்த ஒட்டுகளை வெட்டித் தனியே எடுத்த பிறகே உலையில் போட வேண்டும். சிறிதளவு ஈயம் கலந்தாலும் வெள்ளி நொறுங்கும் தன்மை அடைந்து, உளி பட்ட இடமெல்லாம் வெடிக்கும். இன்னும் உருக்காமல் பெட்டியில் இருக்கும் காணிக்கைகளில் கையால் அடித்த தண்டை, காப்பு, சதங்கை இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றின் எடைக்கு ஈடான வெள்ளிக் கட்டியை வாங்கி உலைக்குக் கொடுத்துவிட்டு, நகைகளைத் திருவிழா நாட்களில் அம்மனுக்கே சாத்தலாம்; காணிக்கை தந்தவர்களும் அதை மறுக்க மாட்டார்கள்.